சாவி யார் பொறுப்பில்?

நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, துணைமின் நிலையம், ஆற்றுப் பாலம் ஆகியவற்றுக்குப் பயங்கரவாதிகளிடமிருந்து என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பவருக்கு என்ன பதில் வரும் என்பதை மனுவைத் தபாலில் சேர்க்கும்போதே ஊகித்துவிடலாம். ‘பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுத் தகவல் வழங்க இயலாது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ஆதாரமாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 8(1)(அ) பிரிவைக் காட்டுவார்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொருளாதார நலன் முதலியவற்றைப் பாதிக்கும் தகவலையும், குற்றத்துக்குத் தூண்டுகோலாகும் தகவலையும் மறுக்கலாம் என்கிறது அப்பிரிவு. இந்த மறுப்பைக் கண்டு அதிகாரிகள் மேல் கோபப்படுவது எளிது. ஆனால் பல சமயம் மறுப்புக்கு வழிவிட்டது கேள்விதான். ‘எங்கள் ஊர்த் தொட்டிக்கு என்னென்ன பாதுகாப்பு?’ என்று கேட்டால் நேர்மையான அலுவலரே தயங்குவார். வேலையைச் செய்யாத அலுவலருக்கோ அதைவிட வசதியான கேள்வி கிடையாது. பாதுகாப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதற்கு யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பைக் கடைசியாக எந்தத் தேதியில் நிறைவேற்றினார், அதைக் காட்டும் பதிவேடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். மறுப்பதற்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைந்துபோகும். குடிமக்களுக்கு உண்மையில் தெரியவேண்டியதும் அதுதான். குடிநீரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி நேரடியாகக் கையாளும் கட்டமைப்புகளில் மிகப் பரவலானவற்றில் ஒன்று அது.

பயங்கரவாதத் தடுப்பு காவல்துறையின் வேலை, உளவுத்துறையின் வேலை, ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அதில் என்ன சம்பந்தம் என்று மன்றக் கூட்டத்திலேயே சிலர் கேட்பார்கள். காவல் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் தொட்டியும் குழாயும் காவல்துறையின் சொத்தல்ல. அரசியலமைப்பின் 11-ஆம் அட்டவணை குடிநீரை ஊராட்சிகளுக்கும், 12-ஆம் அட்டவணை நீர் வழங்கலை நகராட்சிகளுக்கும் உரிய பொருள்களாகப் பட்டியலிடுகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இயற்கைச் சீற்றத்தோடு மனிதர் செயலால் விளையும் பெருங்கேட்டையும் அது பேரிடர் என்றே வரையறுக்கிறது. அதன் 32-ஆம் பிரிவு மாவட்டத்திலுள்ள உள்ளாட்சி அமைப்புகளும் தத்தமக்கான பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. 41-ஆம் பிரிவு உள்ளாட்சியின் அலுவலர்களுக்குப் பயிற்சி தருவதையும், கருவிகளை எந்த நேரமும் பயன்படும் நிலையில் வைத்திருப்பதையும் அதன் கடமையாக்குகிறது. குண்டு வைப்பவரைப் பிடிப்பது உள்ளாட்சியின் வேலையல்ல என்பது சரி. தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போடுவதும், தண்ணீர் கெட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தெருவுக்குச் சொல்வதும், மறுநாள் மாற்றுத் தண்ணீர் கொடுப்பதும் வேறு யாருடைய வேலை? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது பயங்கரவாதம் என்ற தலைப்பில் வரும் வழக்கல்ல; அந்தக் கொடுமையின் வேர் வேறு. ஆனால் யாரோ மேலே ஏறி மூடியைத் திறக்க முடிகிற தொட்டி, ஏறுபவரின் நோக்கம் எதுவானாலும் திறந்த தொட்டிதான்.

வெளிநாட்டு நிகழ்ச்சிகளும் இதையேதான் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி என்றொரு உள்ளாட்சி. 2000-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அதன் கழிவுநீரேற்று நிலையங்கள் காரணமின்றி நிற்கத் தொடங்கின. பம்புகள் ஓடவேண்டிய நேரத்தில் ஓடவில்லை. எச்சரிக்கை மணி அடிக்கவேண்டிய நேரத்தில் அடிக்கவில்லை. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு விடுதி வளாகத்திலும் பாய்ந்து, நீர்வாழ் உயிர்கள் செத்தன. முதலில் கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். பிடிபட்டவர் அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். உள்ளாட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காதவர். ஒரு மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் காரில் வைத்துக்கொண்டு நீரேற்று நிலையங்களுக்கு உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கட்டமைப்புப் பாதுகாப்பு பற்றிய பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் இந்த வழக்கில் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பொது ஆவணத்தையும் படித்து அவர் அந்த அமைப்பைத் தெரிந்துகொள்ளவில்லை. ஒப்பந்தப் பணியில் உள்ளே இருந்து தெரிந்துகொண்டார். ஒப்பந்தப் பணியாளர் விலகினால் அவரால் எதையெதைத் தொட முடியாமல் செய்யவேண்டும் என்று அன்றைக்கு ஒரு குடிமகன் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியால் பாதுகாப்புக்கு எந்தக் கேடும் வந்திருக்காது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்கிப்பா என்ற சிற்றூரின் குடிநீர் நிலையத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை, ஈரானோடு தொடர்புடையதாக அமெரிக்க அரசு கூறும் ஒரு குழு இணையம் வழியே கைப்பற்றியது. அதே வகைக் கருவிகள் குறிவைக்கப்பட்டதை ஒட்டி அந்நாட்டு அரசு விடுத்த எச்சரிக்கையின் முதல் அறிவுரை, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பது. அந்தக் கடவுச்சொல் 1111.

இத்தகைய செய்திகளை அப்படியே மனுவில் வைத்து மிரட்டுவதும் கூடாது. ஃபுளோரிடா மாநிலத்தின் ஓல்ட்ஸ்மார் நகரக் குடிநீர் நிலையத்தில் 2021 பிப்ரவரியில் யாரோ வெளியிலிருந்து புகுந்து, சோடியம் ஹைட்ராக்சைடின் அளவை நூறு மடங்குக்கு மேல் கூட்டினார்கள் என்று அறிவிக்கப்பட்டு, உலகமே அதைப் பேசியது. 2 ஆண்டுகள் கழித்து, அப்போது நகர நிர்வாகத்தில் இருந்தவரே அது ஊழியரின் கைத்தவறாக இருக்கவே வாய்ப்பு என்று சொன்னார். தாக்குதலா தவறா என்பது இருக்கட்டும்; அளவு கூடியதை ஓர் இயக்குநர் திரையில் பார்த்து உடனே குறைத்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எனவே கேட்கவேண்டியது, நம் நிலையத்தில் அந்த நேரத்தில் ஓர் இயக்குநர் பணியில் இருப்பாரா, இருந்ததற்குப் பதிவேடு உண்டா என்பது. பகைவர் யாரென்று தெரியாமலே பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. பயங்கரவாதத்துக்கு எதிரான பாதுகாப்பில் உள்ளாட்சியின் கையில் இருக்கும் பகுதி ஏறக்குறைய முழுவதும் இப்படிப்பட்ட அன்றாட ஒழுங்குதான் என்பது என் கணிப்பு. விபத்துக்கும் வன்மத்துக்கும் அதே ஒழுங்குதான் காவல் என்பதால், ‘இதுவரை இங்கே எந்தத் தீவிரவாதியும் வரவில்லையே’ என்ற பதிலுக்கும் இதில் இடமில்லை.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. இத்தகைய பதில்களைத் தொகுத்தால் எங்கே ஓட்டை என்று தீயவனுக்குத் தெரிந்துவிடாதா? இதைச் சிரித்து ஒதுக்கக்கூடாது. சில தகவல்கள் உண்மையிலேயே வெளியே வரக்கூடாதவை. காவலர் மாறும் நேரம், கேமரா பார்க்காத மூலை, குளோரின் சிலிண்டர் வைத்திருக்கும் அறையின் வரைபடம், கட்டுப்பாட்டு அறைக் கணினியின் அமைப்பு ஆகியவற்றைக் கேட்காதீர்கள். தவறிக் கொடுத்தால்கூடப் பரப்பாதீர்கள். ஆனால் இருப்பிடம் ரகசியமல்ல. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பைக் குடிநீர் வாரியமே நாள்தோறும் வெளியிடுகிறது. ஒத்திகையும் ரகசியமல்ல. 2025 மே மாதம் நாடெங்கும் 244 மாவட்டங்களுக்குக் குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடக்கும் என்று முன்கூட்டியே அரசு சொன்னது. அணுமின் நிலையத்தில் எந்த நாளில் ஒத்திகை என்று சொல்லலாமென்றால், பேரூராட்சியின் நீரேற்று நிலையத்தில் கடைசி ஒத்திகை எப்போது என்று சொல்வதில் என்ன ஆபத்து?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்குள்ள கணினியில் தீநிரல் புகுந்ததாக அக்டோபர் கடைசியில் செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பு அதைப் பொய்ச் செய்தி என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் இருந்தது உண்மை என்றும், செப்டம்பர் 4-ஆம் தேதியே தமக்குத் தெரிவிக்கப்பட்டது என்றும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான வலைப்பின்னலில் இருந்த கணினி என்றும், உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியானது என்றும் அறிவித்தது. அந்த அறிவிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: எப்போது தெரிந்தது, எது பாதிக்கப்பட்டது, யார் விசாரித்தார்கள். உலையின் கட்டுப்பாட்டு வலைப்பின்னல் தனியானது என்பதற்கு மேல், அது எப்படி அமைந்திருக்கிறது என்று அதில் எதுவும் இல்லை. பாதுகாப்பைக் கெடுக்காமல் சொல்லக்கூடியது எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கையைக் கெடுத்தது முதல் நாளின் மறுப்புதான். ‘தேசப் பாதுகாப்பு’ என்ற சொல்லை உச்சரித்தாலே போதும் என்ற வழக்கத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. மீடியா ஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த வழக்கில், 2023 ஏப்ரலில், பாதுகாப்பு என்ற வாதத்தை ஆதாரமின்றி வெறுமனே எழுப்ப முடியாது என்று அது தீர்ப்பளித்தது.

மறைப்பதால் எவ்வளவு காப்பாற்றலாம், பகிராமல் விட்டதால் எவ்வளவு இழந்தோம் என்று கணக்குப் போட்டால் இரண்டாவதுதான் கனக்கிறது. 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெட்டியில் குண்டு இருப்பதாக அதற்கு முன்பே தொலைபேசி எச்சரிக்கை வந்திருந்தது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று 260-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த தாக்குதல்கள் பற்றி ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்தியாவிலிருந்து தகவல் போயிருந்தது. தடுக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. எச்சரிக்கை வந்தால் அது யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை நிமிடத்தில் போகவேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பது உளவு பார்ப்பதாகாது. அப்படி ஒரு தாளே இல்லையென்றால், இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

இனி மனு. ‘முக்கியக் கட்டமைப்பு’, ‘பயங்கரவாதம்’ என்ற இரண்டு சொற்களையும் மனுவில் எழுதாதீர்கள். அவற்றைப் பார்த்ததும் கோப்பு காவல்துறைப் பக்கம் நகரும், அல்லது அது ஒன்றிய அரசின் பொருள் என்று திரும்பும். சொத்தின் பெயரைச் சொல்லுங்கள்: இன்ன தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, இன்ன வார்டு நீரேற்று நிலையம். ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். சட்டம் தரச்சொல்வது கைவசமுள்ள பதிவையே. கருத்தையோ விளக்கத்தையோ புதிதாக உருவாக்கித் தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாக்கிவிட்டது. ‘தொட்டி வளாகத்தின் சாவிக்குப் பொறுப்பான பதவி எது, அப்பொறுப்பை அளித்த ஆணையின் நகல்’ என்று கேளுங்கள். ஆளின் பெயர் வேண்டாம். ‘கடந்த 3 நிதியாண்டுகளில் தொட்டி சுத்தம் செய்யப்பட்ட தேதிகளைக் காட்டும் பதிவேட்டின் நகல்.’ ‘ஒப்பந்தம் முடிந்த நிறுவனங்களின் பணியாளர்களிடமிருந்து சாவி, அடையாள அட்டை, கணினி அனுமதி ஆகியவற்றைத் திரும்பப் பெறுவதற்கான நடைமுறை ஆணையின் நகல், அவ்வாறு திரும்பப் பெற்ற கடைசித் தேதி.’ ‘குடிநீர் வழங்கல் ஒரு நாளுக்கு மேல் நின்றால் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் மாற்று வழங்கலுக்கான திட்டம் மன்றத்தின் அல்லது மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற தேதி.’ திட்டத்தையே கேட்டால் மறுப்பார்கள். தேதியை மறுக்கக் காரணம் கண்டுபிடிப்பது கடினம். 2016 என்று பதில் வந்தால், அந்த ஓர் எண்ணே போதிய செய்தி.

எல்லாவற்றிலும் பயனுள்ள பதிவேடு ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எஞ்சிய குளோரின் பதிவேடு. தெருக்குழாய்க்கு வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500. தண்ணீரில் கழிவு கலந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அளவு திடீரென்று சரிவது ஏதோ கலந்துவிட்டது என்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். எல்லா நஞ்சையும் அது காட்டிக்கொடுக்காது. ஆனாலும் ஓர் ஊராட்சியின் கையில் தினமும் இருக்கக்கூடிய மலிவான காவல் அதுதான். எனவே கடந்த 90 நாள்களின் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். எல்லா நாளும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்று இருந்தால் அளந்தார்களா எழுதினார்களா என்ற ஐயம் உங்களுக்கே எழும். இதைப் பாதுகாப்புத் தகவல் என்று எந்த அலுவலரும் மறுக்க முடியாது; அது பொதுச் சுகாதாரப் பதிவு. குளோரினைப் பெருமளவில் சேமித்து வைக்கும் சுத்திகரிப்பு நிலையம் உங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னொரு பிடியும் உண்டு. அபாய வேதிப்பொருள்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருப்பவர்கள், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தின் தன்மையையும் அப்போது செய்யவேண்டியதையும் தாமாகவே சொல்லவேண்டும் என்கின்றன. போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த விதி அது. உங்கள் தெருவுக்குச் சொன்னார்களா, சொன்னதற்கான ஆவணம் எது என்று கேளுங்கள்.

உடைந்த வேலியையோ பூட்டில்லாத மூடியையோ நீங்களே பார்த்துவிட்டால் அதை இந்த மனுவில் சேர்க்கக்கூடாது. படமெடுத்துப் பரப்பவும் கூடாது. உங்கள் நோக்கம் நல்லதானாலும் அது விளம்பரப் பலகைதான். பொறியாளருக்கும் காவல் நிலையத்துக்கும் தனிக் கடிதம் எழுதி, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, ‘இன்ன தேதியிட்ட என் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் காட்டும் கோப்பின் நகல்’ என்று மட்டும் தகவல் கேளுங்கள். வளாகத்துக்குள் நுழைவது, தொட்டியில் ஏறிப் பார்ப்பது, அரசு தடைசெய்யப்பட்ட இடமாக அறிவித்த வளாகத்தைப் படமெடுப்பது எல்லாம் கேள்வி கேட்பவரையே குற்றவாளியாக்கும். அலுவலக ரகசியச் சட்டம், 1923 இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

கேட்பவர் மேலேயே சந்தேகம் விழுமே என்ற அச்சம் வீணானதல்ல. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் விசாரிக்கக்கூடாது என்று 6(2) பிரிவு சொன்னாலும், ஒருவரின் பெயரையும் மதத்தையும் பார்த்துப் புருவம் உயர்த்தும் அலுவலகங்கள் இருக்கின்றன என்பதை மறைத்து வழிகாட்டி எழுதுவதில் பயனில்லை. வழி இரண்டு. ஒரே கேள்வியைத் தெருவில் நான்கைந்து பேர் தனித்தனி மனுவாகப் போடுவது ஒன்று. தகவல் சட்டத்தைத் தொடாமல் கிராம சபையிலோ நகரங்களின் பகுதி சபையிலோ கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது மற்றொன்று. கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். குளோரின் பதிவேட்டைச் சபையில் வைக்கக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மாமன்ற உறுப்பினர் வழியாகக் கேட்பது மூன்றாவது வழிதான் என்றாலும், அவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது அது.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டமாக இருந்தால், நீரேற்றுவது குடிநீர் வடிகால் வாரியம், தெருவுக்கு வழங்குவது ஊராட்சி என்று இரண்டு கைகள் இருக்கும். ஒருவர் மற்றவரைக் காட்டுவார். 6(3) பிரிவின்படி மனுவை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றவேண்டியது அவர்கள் பொறுப்பு, உங்கள் அலைச்சல் அல்ல. இருவருக்கும் ஒரே நாளில் மனு அனுப்பி, எந்த வால்வுக்கு அப்பால் யார் பொறுப்பு என்று பிரித்த ஒப்படைப்பு ஆவணத்தின் தேதியைக் கேட்பது இன்னும் நல்லது. இரண்டு பதில்களும் பொருந்தாவிட்டால் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குழாய் இருக்கிறது என்று பொருள்.

‘ஆவணம் ஏதும் இல்லை’ என்ற பதில் வந்தால் பலர் தோற்றுவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். கையெழுத்தும் முத்திரையும் இட்டு, சாவிக்குப் பொறுப்பானவர் என்று யாரையும் நியமிக்கவில்லை என்று ஓர் அலுவலகம் எழுதிக் கொடுத்ததைவிட வலுவான ஆதாரம் சபையில் வைப்பதற்குக் கிடைக்காது. பாதுகாப்பு என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதில் வாதங்களை அடுக்கவேண்டாம். மூன்று பிரிவுகள் போதும். மறுக்கவேண்டிய வரிகளை நீக்கிவிட்டு மீதியைத் தரச்சொல்கிறது 10-ஆம் பிரிவு. பொதுநலன் மேலோங்கினால் விலக்குக்கு உட்பட்ட தகவலையும் தரலாம் என்கிறது 8(2). மறுத்தது சரியென்று நிரூபிக்கும் சுமை மறுத்த அலுவலர் மேல்தான் என்கிறது 19(5). உங்கள் ஒவ்வொரு கேள்வியும் தேதி, பதவி, ஆணை நகல் என்ற அளவில் இருந்திருந்தால், அந்தச் சுமையை அவரால் கேள்விவாரியாகச் சுமக்க முடியாது. அதிலும் தீர்வு வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதால் அது நீளும்; அதற்காகக் காத்திருக்காமல் அடுத்த நிதியாண்டின் தொடக்கத்தில் அதே கேள்விகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், புதிய மனுவாகப் போடுங்கள்.